வலிக்காத நோயின் வரலாறு: தேயிலை மலையிலிருந்து ஆறாம் ஆண்டு வகுப்பறை வரை



இந்த வரலாற்றுப் பகுதியில் வழக்கமாகத் தோட்டங்களையும் பள்ளிகளையும் பற்றித்தான் எழுதுவோம். இந்த முறை ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன். இதுவும் தோட்டத்து வரலாறுதான். ஆனால் எந்தப் பள்ளி மலரிலும் எந்தச் சங்க மலரிலும் இதைப் பற்றி ஒரு வரி நான் படித்ததில்லை.

நான் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். முப்பது வருஷத்துக்கும் மேலே கொழுந்து எடுத்த கை. மாதவிலக்கு நின்று மூன்று நான்கு வருஷம் ஆன பிறகு, ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "மறுபடியும் வருதுடி. இந்த வயசுல சாமி பண்ற வெளையாட்டப் பாரு."

அம்மா சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "சூடுதான்க்கா. வெந்தயத்த ஊற வச்சுக் குடிங்க, சரியாயிரும்."

பெரியம்மா வெந்தயம் குடித்தார். துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால் அதை யாரும் நோய் என்று கணக்கில் எடுக்கவில்லை. இடுப்பு வலியும் நாற்றமும் வந்த பிறகுதான் ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய், முற்றிய நிலை என்றார்கள். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

அந்த ரத்தம் ஓர் அறிகுறி. எங்கள் லயத்தில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அந்த நோய்க்குக் காரணமான வைரஸ் அவர் உடம்புக்குள் வந்தது அந்த வருஷம் இல்லை. பெரும்பாலும் 15, 20 வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருக்கும். அப்போது அது எந்த அறிகுறியும் காட்டியிருக்காது. இந்தக் கட்டுரை அந்த மௌனத்தின் வரலாறு.

கண்ணுக்குத் தெரிந்தால்தான் நோய்

முதலில் நம் மலையின் கதை. 1885ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியைப் பற்றிக் குறிப்பு எழுதினார். 1929ல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை 1931ல் திறந்தது. 1933ல் பாரத் தோட்டம் வந்தது. காடு வெட்டியது, சரிவில் பாத்தி கட்டியது, கன்று நட்டது, கொழுந்து எடுத்தது எல்லாவற்றிலும் தமிழர் கை இருந்தது. கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை.

தோட்டத்தில் வைத்தியம் இருந்தது. தொழிலாளிக்கு மருத்துவ வசதி தர வேண்டியது முதலாளியின் கடமை என்று மலாயாவின் தொழிலாளர் சட்டமே சொல்லியது. அந்தச் சட்டத்தின் முகம்தான் நம் பெரியவர்கள் சொல்லும் 'டிரெசர்'. காலையில் பெரட்டு எடுக்கும்போது ஆள் குறைந்தால், ஏன் வரவில்லை என்ற கேள்வி வரும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெட்டுக்காயம், எலும்பு முறிவு என்றால் டிரெசர் பார்ப்பார். மருந்து கொடுப்பார், சீட்டு எழுதுவார். அன்றைக்கு வேலை இல்லை.

இந்த முறையில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தால், வேலையை நிறுத்தினால்தான் அது நோய். கொழுந்துக் கூடையைத் தூக்க முடிகிற வரைக்கும் ஒரு பெண் ஆரோக்கியமானவள். அதிலும் டிரெசர் பெரும்பாலும் ஆண். மாதவிலக்கு, வெள்ளைப்படுதல், புருஷனோடு சேர்ந்த பிறகு ரத்தம் வருவது, இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? மருத்துவச்சிக் கிழவியிடம் சொல்வார்கள். அவர் 'சூடு' என்பார். கதை அங்கேயே முடியும்.

டிரெசரையும் மருத்துவச்சியையும் இன்று நாம் குறை சொல்ல முடியாது. கேமரன் மலையில் முதல் தேயிலைக் கன்று நட்ட அந்த வருஷத்தில், இந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது உலகத்தில் எந்த மருத்துவருக்கும் தெரியாது.

வெரோனாவின் கன்னியாஸ்திரிகள்

இந்த நோயைப் பற்றிய முதல் துப்பு ஓர் இறப்புப் பதிவேட்டிலிருந்து கிடைத்தது. இத்தாலியில் வெரோனா நகரத்தில் ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர், 1760 முதல் 1839 வரையிலான இறப்புப் பதிவேடுகளை உட்கார்ந்து எண்ணினார். 1842ல் தன் முடிவைச் சொன்னார். கருப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களில் திருமணமான பெண்களும் விதவைகளும் அதிகம். கன்னியாஸ்திரிகள் மிக அரிது. ஆகவே தாம்பத்திய உறவுக்கும் இந்த நோய்க்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பது புலப்பட்டது.

அறிவியலுக்கு அது நல்ல துப்பு. பெண்களுக்கு அது ஒரு பழியாகவும் மாறியது. 'நடத்தை சரியில்லாதவளுக்கு வரும் நோய்' என்ற பேச்சு அதன் பின்னால் ஒட்டிக்கொண்டது. இன்றும் எத்தனையோ பெண்கள் பரிசோதனைக்குப் போகப் பயப்படுவதற்கு ஊசி காரணம் இல்லை, இந்தப் பேச்சுதான் காரணம். உண்மை வேறு. தாம்பத்திய உறவில் இருக்கும் ஆண், பெண் யாராக இருந்தாலும் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸ் தொற்றும் வாய்ப்பு மிக அதிகம். ஒரே புருஷனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். பல வருஷம் கழித்தும் பரிசோதனையில் தெரிய வரும். அதை வைத்து 'எப்போது, யாரிடமிருந்து' என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு துப்பு நம் கையில் வரும் சாதாரண மருவிலிருந்து வந்தது. 1907ல் சியுஃபோ என்ற இத்தாலிய மருத்துவர், மருவை அரைத்து, பாக்டீரியா கூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரைத் தன் தோலிலேயே செலுத்திக்கொண்டார். மரு முளைத்தது. மருவை உண்டாக்குவது ஒரு வைரஸ் என்பது இப்படித் தெரிந்தது. ஆனால் கைமருவையும் கருப்பைவாய்ப் புற்றையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துப் பார்க்க உலகத்துக்கு இன்னும் எழுபது வருஷம் ஆனது.

அறிகுறிக்கு முன்னால் பார்ப்பது

கிரேக்கத்தில் பிறந்து நியூயார்க்கில் வேலை பார்த்தவர் ஜார்ஜ் பாபனிகோலாவ். கருப்பைவாயிலிருந்து உதிரும் செல்களைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றுநோய்ச் செல்களை அடையாளம் காணலாம் என்று 1928ல் சொன்னார். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. 1941ல் ஹெர்பர்ட் டிராவுட்டோடு சேர்ந்து கட்டுரை எழுதினார், 1943ல் புத்தகம் போட்டார். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நாம் இன்று 'பேப் ஸ்மியர்' என்று சொல்வதில் இருக்கும் 'பேப்' அவர் பெயரின் முதல் துண்டு. அவருடைய ஆராய்ச்சிக்காகப் பல வருஷம் தன் செல்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தவர் அவர் மனைவி என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

இதில் இருக்கும் திருப்பத்தைக் கவனியுங்கள். அதுவரை வைத்தியம் என்றால், நோயாளி வந்து 'எனக்கு இப்படி இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். பேப் ஸ்மியர் வந்த பிறகு, ஒன்றுமே இல்லாத பெண்ணைக் கூப்பிட்டு 'வாங்க, பார்ப்போம்' என்று சொல்ல முடிந்தது.

1951ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லேக்ஸ் என்ற கறுப்பினப் பெண், கருப்பைவாய்ப் புற்றுநோயால் 31 வயதில் இறந்தார். அவரைக் கேட்காமலேயே எடுத்த செல்கள் ஆய்வுக்கூடத்தில் சாகாமல் வளர்ந்தன. 'ஹீலா' என்று பெயர் வைத்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். போலியோ தடுப்பூசி ஆராய்ச்சிக்கும் அவை உதவின. அந்தக் குடும்பத்துக்கு இது பல வருஷம் தெரியாது.

ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் 1970களில் ஒரு கருத்தைச் சொன்னார். கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸ் என்று அன்று பலர் நம்பினார்கள். அவர் மட்டும், இல்லை, மரு உண்டாக்கும் பாப்பிலோமா குடும்பத்து வைரஸ்தான் என்றார். 1983ல் அவருடைய குழு 16ஆம் வகை வைரஸைப் புற்றுநோய்த் திசுவில் கண்டுபிடித்தது. அடுத்த வருஷம் 18ஆம் வகை. ஹென்ரியட்டா லேக்ஸின் செல்களிலும் அந்த 18ஆம் வகை இருந்தது. 2008ல் சூர் ஹவுசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அறிகுறி என்ன?

நம் ஆசிரியர்கள் நேரடியாகக் கேட்கும் கேள்வி இதுதான். நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி, ஒரே வைரஸ் இல்லை. 200க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அவற்றை மூன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

முதல் கூட்டம் கை, கால் தோலில் வருவது. பிள்ளைகள் விரலிலும் பாதத்திலும் வரும் சொரசொரப்பான மரு இதனால்தான். இது புற்றுநோயாக மாறாது. வகுப்பில் கையில் மரு இருக்கும் பிள்ளையை மற்றவர்கள் ஒதுக்கினால், நாம் குறுக்கே நிற்க வேண்டும்.

இரண்டாவது கூட்டம் பிறப்புறுப்பில் மரு உண்டாக்குவது. 6, 11 ஆகிய இரண்டு வகைகள்தான் இதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். சின்னச் சின்னத் தடிப்பாக வரும். சில நேரம் கூட்டமாகச் சேர்ந்து காலிஃப்ளவர் பூ மாதிரி இருக்கும். பெரும்பாலும் வலிக்காது, சிலருக்கு அரிக்கும். தொற்றிச் சில வாரத்தில் அல்லது சில மாதத்தில் தெரியும். ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். கிளினிக்கில் வைத்தியம் உண்டு. கடைக் களிம்பையும் சுண்ணாம்பையும் தடவிப் புண்ணாக்கிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது கூட்டம்தான் ஆபத்தானது. 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே கருப்பைவாய்ப் புற்றில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்குக் காரணம். இந்தத் தொற்றுக்கு அறிகுறி கிடையாது. மரு வராது, அரிக்காது, வலிக்காது. 'எனக்கு ஒண்ணும் இல்லையே' என்று ஒரு பெண் சொன்னால், அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அதை வைத்துத் தொற்று இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

இதில் பயப்பட வேண்டாத செய்தியும் இருக்கிறது. பத்துப் பேருக்குத் தொற்றினால், ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். யாருக்குப் போகாமல் தங்குகிறதோ அவருக்குத்தான் கருப்பைவாய்ச் செல்கள் மெல்ல மாறுகின்றன. புற்றாக முற்ற வழக்கமாக 15 முதல் 20 வருஷம் ஆகும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரலாம். அந்த நீண்ட இடைவெளியில் பரிசோதனை செய்தால், புற்று வருவதற்கு முன்னாலேயே சின்ன சிகிச்சையில் தடுத்துவிடலாம்.

அந்த இடைவெளியைத் தவறவிட்ட பிறகு வரும் அறிகுறிகள் இவை:

- மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு எப்போது ரத்தம் பட்டாலும், ஒரு துளியே ஆனாலும்
- இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம் படுவது
- தாம்பத்திய உறவுக்குப் பிறகு ரத்தம் படுவது
- நாற்றமுள்ள, அல்லது தண்ணீர் மாதிரி, அல்லது ரத்தம் கலந்த வெள்ளைப்படுதல்
- விடாத இடுப்பு வலி, அடிவயிற்று வலி. பிந்திய நிலையில் கால் வீக்கம், உடம்பு இளைப்பது

இவை எல்லாம் புற்றுநோய்தான் என்று அர்த்தம் இல்லை. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் இதில் எது வந்தாலும் 'சூடு' என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கிளினிக்கில் காட்ட வேண்டும். முதலில் இருப்பதை, மாதவிலக்கு நின்ற பிறகு வரும் ரத்தத்தை, தயவுசெய்து மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பெரியம்மாவுக்கு வந்தது அதுதான்.

ஆண்களும் இதற்கு வெளியே இல்லை. தொண்டை, ஆசனவாய், ஆண்குறி ஆகிய இடங்களில் வரும் சில புற்றுகளுக்கும் இந்த வைரஸ் காரணம். ஆறாத தொண்டை வலி, விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி இருந்தால் அவர்களும் காட்ட வேண்டும்.

திண்டுக்கல்லின் நர்சுகள்

பேப் ஸ்மியருக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், படிக்கத் தெரிந்த நிபுணர் வேண்டும், முடிவு வரும் வரைக்கும் காத்திருந்து மறுபடியும் வரும் பெண் வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒருநாள் போவதே கஷ்டம், இரண்டாம் நாள் எப்படி வருவார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய இடங்களில் ஒன்று, நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்நாடு.

2000ல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக சுகாதார மையம், சென்னை அடையாறு புற்றுநோய்க் கழகம், உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆகியவை அதில் சேர்ந்து வேலை செய்தன. அடையாறு நிலையம் 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஏற்படுத்தியது என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும்.

முறை மிக எளிது. பயிற்சி பெற்ற நர்சு, வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பைவாயில் தடவுவார். மாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு, குளிர்வித்து அந்தச் செல்களை அழிக்கும் சிகிச்சையையும் அங்கேயே கொடுக்க முன்வந்தார்கள். 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள்.

2007ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைத்த கிராமங்களில் புதிதாக நோய் வருவது 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 30களில் இருந்த பெண்களுக்குப் பலன் இன்னும் அதிகம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பரிசோதனை கொடுக்காமல் விட்ட கிராமத்துப் பெண்களுக்கு இது நியாயமா என்ற கேள்வியும் பிறகு எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனாலும் கூலி வேலைக்குப் போகும் கிராமத்துத் தமிழ்ப் பெண்கள் 'ஒண்ணும் இல்லாதப்போ எதுக்குப் போகணும்' என்று உட்கார்ந்துவிடாமல் வந்தார்கள். கூப்பிட்டது அவர்கள் மொழியில் பேசிய நர்சு, இடம் அவர்கள் ஊருக்குப் பக்கம். தேயிலை மலைக்கும் இதில் பாடம் இருக்கிறது.

நம் நாட்டில்

மலேசியாவில் பேப் ஸ்மியர் சேவை 1969ல், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வரும் பெண்களை வைத்துத் தொடங்கியது. 1995ல் 20 முதல் 65 வயது வரையிலான எல்லாப் பெண்களுக்கும் விரிந்தது. ஆனால் 2006ல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வில், பேப் ஸ்மியர் செய்திருந்த பெண்கள் பாதிக்கும் குறைவு. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2007ஆம் ஆண்டு அறிக்கை, மூன்று பெரிய இனங்களில் கருப்பைவாய்ப் புற்று விகிதம் இந்தியப் பெண்களிடையேதான் அதிகம் என்று காட்டியது. இது நம் வீட்டுக் கணக்கு.

2018ல் மலாயாப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் விசிஎஸ் அறக்கட்டளையும் சேர்ந்து 'ரோஸ்' என்ற திட்டத்தைச் சோதித்துப் பார்த்தன. இதில் பெண் தானே, திரைக்குப் பின்னால், ஒரு பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். மருத்துவர் முன்னால் படுக்க வேண்டியதில்லை. முடிவு கைப்பேசிக்கே வரும். செல்லைப் பார்ப்பதற்குப் பதிலாக வைரஸே இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. இப்போது அரசாங்கக் கிளினிக்குகளிலும் எச்பிவி சோதனை வந்திருக்கிறது. 30 வயது தாண்டிய பெண்கள் 65 வயது வரை கேட்டுச் செய்துகொள்ளலாம். வைரஸ் இல்லை என்று வந்தால் அடுத்த சோதனை ஐந்து வருஷம் கழித்துத்தான். 'வெக்கமா இருக்கு' என்று நாற்பது வருஷம் தள்ளிப்போட்ட நம் பெண்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை.

ஊசி வந்த கதை, பயம் வந்த கதை

1991ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசரும் சீனாவிலிருந்து வந்த ஜியான் சூவும், வைரஸின் வெளி ஓட்டை மட்டும் உள்ளே ஒன்றும் இல்லாமல் உருவாக்கும் வழியைக் கண்டார்கள். வெறும் ஓடு என்பதால் அது நோய் தராது. ஆனால் உடம்பு அதைப் பார்த்து எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துகொள்ளும். 2006ல் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. மலேசியாவில் 2010 முதல் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடும் திட்டம் தொடங்கியது.

பலன் இருக்கிறதா? இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்று 87 விழுக்காடு குறைந்திருப்பதாக 2021ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. தொற்று வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். ஏற்கனவே வந்த தொற்றை ஊசி போக்காது. அதனால்தான் இவ்வளவு சின்ன வயதில் போடுகிறார்கள். ஊசி போட்ட பிள்ளையும் பிற்பாடு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பயத்தின் கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2009ல் இந்தியாவில் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பழங்குடிப் பிள்ளைகள் உட்படப் பல ஆயிரம் பேருக்கு இந்த ஊசியைப் போட்டார்கள். அதில் 7 பிள்ளைகள் இறந்த செய்தி வந்தது, 2010ல் திட்டம் நின்றது. விசாரணையில் அந்த மரணங்களுக்குப் பாம்புக்கடி, தண்ணீரில் மூழ்கியது, காய்ச்சல் என்று வேறு காரணங்கள் தெரிந்தன. ஊசியோடு தொடர்பு காணவில்லை. ஆனால் இன்னொரு குற்றம் வெளியே வந்தது. பல பள்ளிகளில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பிள்ளையின் உடம்பில் என்ன போடுகிறார்கள் என்று தாய்க்கு யாரும் விளக்கவில்லை. இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் பாதி வதந்திக்கு வேர் அங்கே இருக்கிறது.

ஆசிரியர்களாகிய நமக்கு அதில் நேரடியான பாடம் இருக்கிறது. கையெழுத்தை வாங்கித் தருவது நம் வேலை இல்லை. புரியவைப்பது நம் வேலை.

ஆறாம் ஆண்டு ஆசிரியரின் இடம்

தடுப்பூசி வருவது படிவம் ஒன்றில், இடைநிலைப்பள்ளியில். 'அது எங்க பள்ளியில நடக்குறது இல்லையே' என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள். படிவம் ஒன்றில் சம்மதப் படிவம் மலாய் மொழியில் வீட்டுக்கு வரும். தோட்டத்திலும் காய்கறிப் பண்ணையிலும் வேலை பார்க்கும் எத்தனையோ தாய்மார் அதை மடித்துச் சாமி மேடையில் வைத்துவிடுவார்கள். யாரிடம் கேட்பது? அந்தத் தாயிடம் தமிழில் உட்கார்ந்து பேசிய கடைசி ஆசிரியர், ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியர்தான்.

அதே வயதில்தான் நம் வீடுகளில் சடங்கு நடக்கிறது. மண்டபம், அழைப்பிதழ், மஞ்சள் நீர், தாய்மாமன் சீர் எல்லாம் சிறப்பாகச் செய்கிறோம். பிள்ளை பெரியவளானதை ஊருக்கே சொல்கிறோம். ஆனால் 'கருப்பை' என்ற வார்த்தை மட்டும் அந்த வீட்டில் ஒருவர் வாயிலும் வராது. அந்த வார்த்தையைச் சொல்லத் தெரியாத பிள்ளை, முப்பது வருஷம் கழித்து ரத்தம் பட்டால் யாரிடம் எப்படிச் சொல்லும்?

நாம் செய்யக்கூடியவை சில:

ஒன்று, ஆண்டிறுதிப் பெற்றோர் சந்திப்பில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். அடுத்த வருஷம் இப்படி ஒரு படிவம் வரும், அது என்ன, எதற்கு என்று தமிழில் சொல்லுங்கள். எத்தனை தவணை, இந்த வருஷம் எப்படி என்பதைக் கிளினிக் மிஸ்ஸியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மிஸ்ஸியையே அழையுங்கள்.

இரண்டு, கேள்வி கேட்கும் தாயை 'படிக்காதவங்க, அதான் பயப்படுறாங்க' என்று ஒதுக்காதீர்கள். கம்மத்தில் யாரும் தாய்மாரின் கேள்விக்குக் காது கொடுக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, பிள்ளைக்கு ஊசி பற்றிப் பேசும்போது தாயிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, நீங்க டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?" தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ அரசாங்கக் கிளினிக்கில் கேட்டாலே வழி சொல்வார்கள்.

நான்கு, இது பெண் ஆசிரியை மட்டும் பேச வேண்டிய விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். அப்பாமாரிடம் ஆண் ஆசிரியர் சொல்லலாம். மனைவியை டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போக மோட்டார் சைக்கிளை எடுப்பது பெரும்பாலும் அவர்தான்.

2020ல் உலகச் சுகாதார நிறுவனம், இந்த நோயை உலகத்திலிருந்தே ஒழிப்பதற்கு 2030க்குள் அடைய வேண்டிய மூன்று எண்களைச் சொன்னது. 15 வயதுக்குள் 90 விழுக்காட்டுப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, 35 வயதிலும் 45 வயதிலும் 70 விழுக்காட்டுப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. ஜெனிவாவில் எழுதிய அந்த எண்கள், நம் மலையில் ஒரு தாய் அந்தப் படிவத்தைப் படித்துப் புரிந்து கையெழுத்துப் போடும்போதுதான் நிஜமாகும்.

எங்கள் லயத்துப் பெரியம்மாவின் பேத்தி இன்று வேறு ஊரில் இருக்கிறாள். அவளுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள். போன வருஷம் அவள் என்னைக் கூப்பிட்டாள். "டீச்சர், ஸ்கூல்ல ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க. போடலாமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் அவள் கேட்டாள்: "எங்க பாட்டிக்கு வந்தது இதுதானா?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: "அப்போ நானும் டெஸ்டுக்குப் போறேன் டீச்சர்."